ஒன்றரை லட்ச ரூபாய் முகம்

ஒரிஜினல்தான் தாயி. தொட்டுப் பாரு, ஒண்ணும் ஆகாது. டிக்கெட் எடுத்ததுல இருந்து நீ இதையேதான் பாத்துக்கிட்டு வர்ற, எனக்குத் தெரியும். எல்லாரும் பாப்பாக. இந்த வயசுல, இந்த நூல் சேலையக் கட்டிக்கிட்டு, மஞ்சப்பையில இருந்து இந்தப் போன எடுத்தா, எங்கயோ களவாண்டுட்டு வந்தவ மாதிரிதான் பாப்பாக. கண்டக்டர்கூட ரெண்டு தடவ திரும்பிப் பாத்துட்டுப் போறாரு. பாக்கட்டும். பாக்கத்தான வாங்குனது.

விலையா? ஒரு லட்சத்து நாப்பத்தொம்பதாயிரம். ஆமா, இந்த ஒரு போனுக்குத்தான். உன் வீட்டுக்காரரு இதத்தான் வாங்கணும்னு ஒத்தக் கால்ல நிக்காராக்கும்? நீ வேண்டாம்ங்கிற. அம்புட்டுக் காசு பெறுமான்னு என்ட்ட கேக்குற. சரியான ஆளுட்டதான் கேட்ட. எங்க தெருவுல கேட்டாக, ரேஷன் கடை வரிசையில கேட்டாக, எங்க அண்ணன் பெருமாள்சாமி இன்னைக்குக் காலையிலகூடக் கேட்டாரு. இந்தப் போன வாங்கித்தான் என் மக கல்யாணத்த நானே கெடுத்துக்கிட்டேன்னு சொல்றாரு. வித்துத் தொலைங்காரு. விக்க மாட்டேன். பெறும் தாயி. அதுக்கு மேலயும் பெறும். மதுரை போக இன்னும் ரெண்டு மணி நேரம் கெடக்கு, சொல்றேன், நீயே முடிவு பண்ணிக்கோ.

என் பேரு குருவம்மா. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுல எறங்கி புரோக்கர் குருவம்மா வீடுன்னா ஆட்டோக்காரர் வாசல்ல கொண்டாந்து விட்டுருவாரு. வீடு, நெலத்துக்கு இல்ல, கல்யாணத்துக்கு. இருபத்திரெண்டு வருசமா இந்தத் தொழில். நூத்தி அம்பது ஜோடிக்கு மேல சேத்து வச்சிருக்கேன். பிரிஞ்சு வந்தது மூணே மூணுதான். அதுல ரெண்டு அவுக தப்பு. மூணாவதுக்கு நான் அப்பவே யோசிச்சேன்.

எங்க தொழில்ல ஜாதகமெல்லாம் பெறகு தாயி. மொதல்ல போட்டோ. போட்டோவப் பாத்து அந்த வீட்டுப் பொம்பள ஆளுக முகம் மலரணும். அப்புறம் பொருத்தம் பத்துக்கு ஆறு இருந்தாலும் ஏழாக்கிருவாக. போட்டோ புடிக்கலன்னு வையி, பத்துக்குப் பத்து இருந்தாலும் ஜோசியரு வேண்டாம்னுட்டாருன்னு சொல்லிருவாக. முன்னயெல்லாம் ஸ்டுடியோவுக்குக் கூட்டிட்டுப் போயி எடுத்துத் தருவாக. வெறச்சுப் போயி நிக்கும் பிள்ளைக. நாலு வருசத்துக்கு முன்னால நான் ஒரு போன் வாங்குனேன். பதினோராயிரம் ரூவா. அதுல நானே எடுக்க ஆரம்பிச்சேன்.

எடுத்தேன் பாரு, ஊரே அசந்து போச்சு. நான் எடுத்தா பிள்ளைக முகம் பாலா விழும். பரு இருக்காது. கண்ணுக்குக் கீழ கருப்பு இருக்காது. மாநிறம்னு எழுதிக் குடுத்த பிள்ள போட்டோல ரோசாப்பூ நெறத்துல நிக்கும். குருவம்மா கைராசி, குருவம்மா கைராசின்னு எட்டயபுரத்துல இருந்தெல்லாம் பிள்ளைகளக் கூட்டிட்டு வருவாக. நானும் சும்மா அமுக்கிற மாட்டேன். செருப்பக் கழத்திருவேன். கெழக்க பாத்து நிப்பேன். செண்பகவல்லித் தாயேன்னு மனசுக்குள்ள ஒரு தடவ சொல்லி, மூச்ச அடக்கித்தான் அமுக்குவேன். அந்தப் போன நான் பெருசா நெனச்சதே இல்ல. எடுக்கிறது கையி, போன் என்ன பண்ணும்?

எனக்கு ஒரே மக. செண்பகம். இந்த ஆடி வந்தா முப்பது. ரத்தம் சோதிக்கிற லேப்புல வேலை பாக்கா. ஊசி குத்துனதே தெரியாது, அம்புட்டு நயமான கையி. சக்கர வியாதிக்காரக அவ வந்தாத்தான் கைய நீட்டுவேன்னு உக்காந்திருப்பாக. குணத்துல ஒரு குறை சொல்ல முடியாது. நெறந்தான் கொஞ்சம்... அவ அப்பா நெறம். அவரு போயி பன்னெண்டு வருசமாச்சு. சொத்துன்னு ஒண்ணும் வைக்கல, நெறத்த மட்டும் இவட்ட குடுத்துட்டுப் போயிட்டாரு. தாடையில சின்னதுல அம்மை போட்ட தழும்பு ஒண்ணு. அம்புட்டுதான்.

ஊருக்கெல்லாம் முடிச்சு வைக்கிறவளுக்கு வீட்டுக்குள்ள முடிக்கத் தெரியலன்னு பேசுவாகளா இல்லையா? பேசுனாக. நானும் சும்மாவா இருந்தேன்? பதினோராயிரம் ரூவா போன்ல செண்பகத்த எடுத்து எடுத்து அனுப்புனேன். போட்டோவப் பாத்து விழுந்தடிச்சுக்கிட்டு வந்தாக. மொத்தம் ஒம்பது பார்ட்டி. ஒம்பது தடவ கேசரி கிண்டியிருக்கேன்.

நீ கல்யாணம் ஆனவ, உனக்கும் நடந்திருக்கும், தெரியும். அவுக ஜமுக்காளத்துல உக்காந்திருப்பாக. பிள்ள காபித் தட்டோட வருவா. அப்ப மாப்பிள்ளையோட அம்மா முகத்தப் பாக்கணும் தாயி. வாய் சிரிச்சது சிரிச்சபடியே இருக்கும். கண்ணு மட்டும் மாறும். பிள்ள முகத்துல ஒரு தடவ, மகன் கையில இருக்கிற போன்ல ஒரு தடவ, மறுபடி பிள்ள முகத்துல ஒரு தடவ. அம்புட்டுதான், முடிஞ்சது. கேசரி அப்படியே ஆறிக் கெடக்கும். வீட்டுக்குப் போயி சொல்லி அனுப்புறோம்னு எந்திரிச்சிருவாக. அந்தப் பேச்ச நானே எத்தன வீட்டுல சொல்லியிருப்பேன், எனக்குத் தெரியாதா அதுக்கு என்ன அர்த்தம்னு?

ஒருத்தி நட்சத்திரம்ங்கா. ஒருத்தி தெசை சரியில்லங்கா. ஒரு சாத்தூர்க்காரிதான் வாசப்படி தாண்டுன ஒடனே காதுபடச் சொன்னா, நல்லா ஏமாத்துதாகன்னு. யாரு ஏமாத்துனா? நானா? எங்கிட்ட ஒசந்த போன் இல்ல, அம்புட்டுதான் குறை. போட்டோ இன்னும் அழகா விழுந்திருந்தா, நேர்ல பாக்கையிலயும் அந்தப் போட்டோவே அவுக கண்ணுல நின்னுருக்கும். இப்பவும் அதத்தான் சொல்லுவேன்.

ஒம்பதாவது பார்ட்டி போன அன்னைக்கு அவ டம்ளரையெல்லாம் கழுவிக் கவுத்தா. பட்டுச்சேலைய மடிச்சு பீரோவுல வச்சா. லேப்புக்குக் கெளம்பிப் போயிட்டா. அழுதாத்தான தாயி தேத்த முடியும்? பெத்தவ நான் இருந்து என்ன பிரயோசனம்னு இருந்துச்சு. அப்பத்தான் எனக்கு அந்த யோசன வந்துச்சு. பதினோராயிரம் ரூவா போன்லயே என் கைராசிக்கு இப்படி விழுதுன்னா, இருக்கிறதுலயே ஒசந்த போன்ல எடுத்தா எப்படி விழும்? கணக்கு சரியா இல்லையா? நீயே சொல்லு.

மறுநாளே கடைக்குப் போயிட்டேன். ரிஸ்வான்னு ஒரு தம்பி, தங்கமான பிள்ள, கழுத்துப்பட்டி கட்டிக்கிட்டு நின்னாரு. ஆண்ட்டி, வீடியோ கால் பேசத்தானன்னு ஒரு எட்டாயிரம் ரூவா போன எடுத்தாரு. அத உள்ள வையிங்க, இந்தக் கடையிலயே ஒசந்தத எடுங்கன்னேன். எதுக்கு ஆண்ட்டின்னாரு. பொண்ணு போட்டோ எடுக்கன்னேன். அப்ப இதுதான், இதுக்கு மேல கேமராவே கெடையாதுன்னு இதக் கையில குடுத்தாரு. என்னா கனம்! பழசக் குடுத்தா கொஞ்சம் கழிச்சுத் தருவோம்னாரு. குடுத்துட்டேன். மிச்சம் மாசத் தவணை. ஆவணி மாசம், அன்னைக்கு நல்ல முகூர்த்த நாளாவும் அமைஞ்சுருச்சு.

அந்த வெள்ளிக்கெழமை செண்பகத்துக்கு மாம்பழக் கலர் பட்டு கட்டி, தலை நெறைய மல்லியப்பூ வச்சு, ஜன்னலோரமா நிறுத்துனேன். செருப்பக் கழத்துனேன். கெழக்க பாத்தேன். தாயேன்னு அமுக்குனேன். பாத்தா, எனக்குத் தலைய சுத்திருச்சு.

என் மகதான் நின்னா. அப்படியே நின்னா. கருப்புன்னா அதே கருப்பு. தழும்பு தழும்பாவே கெடக்கு. மூக்குத்திக் கல்லுல எங்க வீட்டு ஜன்னல் தெரியுது. தலைப்பூவுல எது மொட்டு, எது விரிஞ்சதுன்னு எண்ணிப் பாக்கலாம். இன்னொண்ணு எடுத்தேன். வெளிய நிறுத்தி எடுத்தேன், உள்ள நிறுத்தி எடுத்தேன். பதினாலு போட்டோ. பதினாலுலயும் அவளேதான் நிக்கா! ஒன்னரை லட்ச ரூவாயக் கொண்டு போயிக் கொட்டிட்டேனேன்னு தரையில உக்காந்துட்டேன்.

அவ வந்து போன வாங்குனா. ரொம்ப நேரம் பாத்தா. பெருசாக்கிப் பாத்தா, சின்னதாக்கிப் பாத்தா. அம்மா, இதான் நான்னு சொன்னா. அழிச்சிருடின்னேன். மாட்டேன்னுட்டா. மொத மொதல்ல எனக்கு என் போட்டோ புடிச்சிருக்கும்மான்னா. தன் போனுக்கு அனுப்பிக்கிட்டு, ஊரு பூராம் பாக்குற மாதிரி வாட்ஸ்அப்புல முகப்புப் படமா வச்சுட்டா. லேப்புல எல்லாரும் நல்லாருக்குன்னாகளாம். அவுகளுக்கென்ன, அவுகளா கட்டப் போறாக?

அதோட போச்சா? தொழிலும் படுத்துருச்சு. கடலையூர் ரோட்டுல ரைஸ் மில் வச்சிருக்காரு ஒருத்தரு, அவரு மகள எடுத்தேன். அந்தப் பிள்ளைக்கு நெத்தி நெறைய பரு. போட்டோலயும் நெறைய பரு. மில்காரரு பாத்துட்டு, என்னம்மா, என் மகளப் போலீஸ் ஸ்டேஷன்ல நிப்பாட்டி எடுத்த மாதிரி எடுத்திருக்கன்னு சத்தம் போட்டாரு. ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, ஒரு கல்யாணம் முடியல. குருவம்மாவுக்குக் கைராசி போயிருச்சுன்னு பேச ஆரம்பிச்சுட்டாக. எனக்கு அத விட வேற அவமானம் உண்டா? புருசன் போனப்பக்கூட ஊரு என்னப் பாவம்னுதான் சொல்லிச்சு. ராசி போச்சுன்னு சொல்லல.

கார்த்திகையில நேரா கடைக்குப் போனேன். தம்பி, இது கோளாறு போனு, மாத்திக் குடுங்கன்னேன். ரிஸ்வான் வாங்கிப் பாத்தாரு. நல்லாத்தான இருக்கு ஆண்ட்டின்னாரு. எது நல்லாருக்கு, மனுசருக்குப் பருவெல்லாம் தெரியுதுன்னேன். அவரு சிரிக்கல, நல்ல பிள்ள. கண்ணாடி அலமாரியில இருந்து என் பழைய போன் மாதிரியே ஒண்ண எடுத்து, என்ன நிப்பாட்டி ஒரு போட்டோ எடுத்தாரு. அப்புறம் இதுல ஒண்ணு எடுத்தாரு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டுனாரு. அந்தப் போன்ல இருந்தவ எனக்குத் தங்கச்சி மாதிரி இருந்தா. இதுல இருந்தது எங்க மாமியா.

ஆண்ட்டி, அந்தப் போன் தானாவே முகத்த வெளுப்பாக்கி, பருவ அழிச்சுக் குடுத்துரும், கம்பெனியிலயே அப்படி வச்சுத்தான் அனுப்புறாங்க, யாரு எடுத்தாலும் அப்படித்தான் விழும்னாரு. யாரு எடுத்தாலுமான்னு கேட்டேன். யாரு எடுத்தாலும் ஆண்ட்டின்னாரு. அப்ப என் கைராசின்னேன். அவரு போனத் தொடைக்கிற மாதிரி குனிஞ்சுக்கிட்டாரு.

நான் அத நம்பல தாயி. யாரு எடுத்தாலும் அப்படித்தான் விழும்னா, அந்தப் போன் ஊர்ல ஆயிரம் பேருட்ட இருக்கே, எதுக்கு எட்டயபுரத்துல இருந்து என்னத் தேடி வந்தாக? சொல்லு பாப்போம். சொல்ல முடியாதுல்ல? அவருக்குப் போனப் பத்தித் தெரியும். கையப் பத்தி அவருக்கு என்ன தெரியும்?

ஆனா ஒண்ணு, மனசு கேக்காம எனக்கு ஒரு ஆப் போட்டுக் குடுத்தாரு. எடுத்த போட்டோவ அதுல போட்டா கீழ ஒரு கோடு வரும். வெரல வச்சு வலது பக்கம் தள்ளத் தள்ள முகம் வெளுக்கும். பாதிக்குத் தள்ளுனா பரு போயிரும், முக்காலுக்குத் தள்ளுனா நெறம் வந்துரும். மறுநாளே ரைஸ் மில்காரரு மகளுக்கு முக்காலுக்குத் தள்ளி அனுப்புனேன். தை மாசம் கல்யாணம் முடிஞ்சுருச்சு. கைராசி திரும்பிருச்சுன்னு மில்காரரே பத்து பேருட்ட சொன்னாரு. மத்த பிள்ளைகளுக்கு இப்பவும் அந்தக் கோடுதான். தொழில்னா தொழில். உன் வீட்டுப் பக்கம் யாராச்சும் இருந்தாச் சொல்லு, நல்லாத் தள்ளிக் குடுக்கேன்.

நான் கதைக்கு வாறேன். ஆப் போட்ட அன்னைக்கு வீட்டுக்குப் போற வழியிலேயே, ஆட்டோல உக்காந்து, செண்பகத்தோட மாம்பழக் கலர் பட்டுப் போட்டோவ அதுல போட்டுத் தள்ளுனேன். கடைசி வரைக்கும் தள்ளுனேன். அப்படி ஒரு நெறம்! தழும்பக் காணோம். ஓடிப் போயி அவட்ட காட்டுனேன். வெங்காயம் நறுக்கிக்கிட்டு இருந்தவ பாத்தா. திருப்பிக் குடுத்துட்டா. குடுத்துட்டுச் சொன்னா பாரு ஒரு சொல்லு, பெத்தவட்ட சொல்ற சொல்லா அது?

"ஒம்பது பேரும் என்னப் பாத்துட்டு வேண்டாம்னு போகலம்மா. போட்டோல இருந்தவளக் காணோம்னு போனாக. நீ அவளக் காட்டிக் கூப்பிட்ட, என்னக் கொண்டு போயி நிறுத்துன. ஒம்பது தடவயும் நிறுத்துன."

பாத்தியா? நான் இவளுக்காக ஓடுறேன், இவ என்னக் குத்தவாளிக் கூண்டுல ஏத்துறா. அவ சொன்னதுல ஒரு அர்த்தமும் இல்ல. ரெண்டு நாள் நான் அவட்ட பேசல. அந்த ரெண்டு நாளும் சோறு எறங்கல, அது வேற விசயம், எனக்கு அல்சர் உண்டு.

மூணாம் நாள் அவளே வந்தா. உள்ள போட்டோவ உள்ளபடி அனுப்பு, இல்லன்னா பத்தாவது தடவ நான் தட்டத் தூக்க மாட்டேன்னு சொல்லிட்டா. அவ அப்பாவும் இப்படித்தான், மெதுவாத்தான் சொல்லுவாரு, அப்புறம் மலையப் பெரட்டுனாலும் மாத்த முடியாது. மார்கழி முடியட்டும்னு சாக்குச் சொன்னேன். தையில வேலை இருக்குன்னேன். மாசியில வேற வழியில்லாம அனுப்புனேன். நாப்பது வீட்டுக்கு அனுப்புனேன். ரெண்டு நீல டிக் விழும். பாத்துட்டாகன்னு அர்த்தம். பதில் வராது. மாசி போச்சு, பங்குனி போச்சு, சித்திரையும் போச்சு. ஒரு ஆளு வாசப்படி ஏறல.

இதுல கொடுமை என்னன்னா, அந்த மூணு மாசமும் இவ நல்லாத் தின்னா, நல்லாத் தூங்குனா. ஞாயித்துக்கெழமை ஆனா தலைக்கு எண்ணெய் தேச்சுக் குளிச்சிட்டு, கூட வேலை பாக்குற பிள்ளைகளோட சினிமாவுக்குப் போயிட்டா. ஒரு சுத்துச் சதை போட்டுட்டா. பொண்ணு கேட்டு ஒருத்தர் வரல, இவ சந்தோசமா இருக்கா! எனக்குப் புரியவே இல்ல. உனக்குப் புரியுதா? என்ன, தலைய ஆட்டுற?

வைகாசியிலதான் அருப்புக்கோட்டையில இருந்து ஒரு பார்ட்டி போன் பண்ணாக. பையன் ஓசூர்ல கம்பெனி வேலை. நல்ல சம்பளம். குடிக்கிற பழக்கம் இல்ல, நாலு எடத்துல விசாரிச்சேன். போட்டோ பாத்தோம், வாரோம்னாக. அம்மா, பையன், அவரு அக்கா, மூணு பேரும் ஞாயித்துக்கெழமை பதினோரு மணிக்கு வந்தாக.

செண்பகம் காபித் தட்டோட வந்தா. நான் அவளப் பாக்கல. அந்த அம்மா முகத்தத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். இப்ப மாறும், இப்ப மாறும்னு இருக்கேன். அந்த அம்மா நிமிந்து பாத்தாக. டம்ளர எடுத்தாக. ஒரு வாய் குடிச்சாக. மாறல தாயி. முகம் மாறல! போன எடுத்து ஒத்துப் பாக்கல. ஒம்பது தடவ மாறுன முகம் பத்தாவது தடவ மாறல. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. பஜ்ஜி போட்ட புகைன்னு சொல்லி முந்தானையில தொடச்சுக்கிட்டேன். ஒன்னரை லட்சமும் அந்த நிமிசத்துலயே எனக்குத் திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு.

கேசரியச் சாப்பிட்டாக. இன்னும் கொஞ்சம் வைங்கன்னாக. பையன் அம்மா முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அந்த அம்மா பையில இருந்து எலையில சுத்துன மல்லியப்பூவ எடுத்தாக. எங்க பக்கம் தெரியும்ல, வந்தவுக கையால பூ வச்சுட்டாப் பேச்சு முடிஞ்ச மாதிரி. பூவப் பிரிச்சுக்கிட்டே எந்திரிச்சு செண்பகத்துட்ட வந்தாக. வந்து சொன்னாக.

"போட்டோ வந்த அன்னைக்கே வீட்டுல பேசிக்கிட்டோம். நெறம் ரொம்பக் கம்மிதான். தாடையிலயும் தழும்பு இருக்கு. ஆனா ஒளிக்காம அனுப்பியிருக்கீக. பரவால்ல, நாங்க அனுசரிச்சுக்கிறோம்."

ரொம்ப சந்தோசம்மான்னு சொல்ல நான் வாயெடுத்துட்டேன். அம்மன் சத்தியமா எடுத்துட்டேன். அனுசரிச்சுக்கிறோம்ங்கிற சொல்லு எங்க தொழில்ல பவுனுக்குச் சமானம். அதக் கேக்குறதுக்கு எத்தன வீட்டு வாசல்ல காத்துக் கெடந்திருக்கேன்! செண்பகம் தலைய இந்தப் பக்கமாச் சாச்சுக்கிட்டா. பூ வைக்கக் குடுக்கல. ஊசி போடுறப்ப, வலிக்காது, கைய நீட்டுங்கன்னு சொல்லுவா பாரு, அதே கொரல்ல சொன்னா.

"நீங்க எதையும் அனுசரிக்க வேண்டாம்மா. எனக்கு இதுல விருப்பம் இல்ல. பஜ்ஜி சூடா இருக்கு, சாப்பிட்டுப் போங்க."

பையன் தரையப் பாத்தாரு. அவரு அக்கா வாயப் பொத்திக்கிட்டா. நான் இருபத்திரெண்டு வருசத் தொழில்காரி தாயி. எந்திரிச்ச பார்ட்டிய உக்கார வைக்காம விட்டதே இல்ல. சின்னப்பிள்ள, வெக்கத்துல சொல்றா. காலையில இருந்து அவளுக்குத் தலைவலி. நீங்க உக்காருங்க, நான் பேசுறேன். இப்படி நூறு பேச்சு இருக்கு எங்கிட்ட. அம்புட்டும் நாக்கு நுனிக்கு வந்துருச்சு. உள்ளுக்குள்ள எம்மகள நாலு சாத்து சாத்தணும்னுதான் இருந்துச்சு. வலிய வந்த வாழ்க்கையத் தட்டி விடுறாளேன்னு.

அப்பத்தான் அந்த அம்மா பூவத் திரும்ப எலையில சுத்துனாக. சுத்திக்கிட்டே என் மகள ஒரு பார்வ பாத்தாக. காலுல இருந்து தலை வரைக்கும். இந்த நெறத்த வச்சுக்கிட்டு உனக்கு இதெல்லாம் வேறயான்னு ஒரு பார்வ. வாய் தெறந்து சொல்லல. சொல்லியிருந்தாக்கூட நான் பதில் சொல்லிச் சமாளிச்சிருப்பேன். அந்தப் பார்வ எனக்குத் தாங்கல. நாக்கு நுனியில வந்த பேச்சு அம்புட்டும் வந்த வழியே உள்ள போயிருச்சு. உக்காருங்கன்னு சொல்லல தாயி நான். என் வாழ்க்கையில மொத தடவ சொல்லல.

வாசல்ல போயி நின்னுக்கிட்டு அந்த அம்மா என்னக் கூப்பிட்டாக. "இந்தாங்க, இம்புட்டுத் திமிரு இருக்குன்னு போட்டோல தெரியலையே?"

"தெரியுமே"ன்னேன்.

போன எடுத்தேன். மாம்பழக் கலர் பட்டு, அந்த மொத போட்டோ, ஒரு கோடும் தள்ளாதது. ரெண்டு வெரல வச்சு விரிச்சேன். விரிக்க விரிக்க விரியும் இதுல, மங்கவே மங்காது. நெத்தி போச்சு, தாடை போச்சு, என் மக கண்ணு ரெண்டு மட்டும் நின்னுச்சு இந்த அகலத்துக்கு. அத அவுக மூஞ்சிக்கு நேர நீட்டுனேன்.

"இந்தா, இங்க இருக்கு பாருங்க. அன்னைக்கே இருந்துச்சு. நீங்கதான் நெறத்தையும் தழும்பையும் பாத்துக்கிட்டு இத விட்டுட்டீக. இது ஒன்னரை லட்ச ரூவா போனு. எதையும் மறைக்காது. நல்லாப் பாருங்க."

குனிஞ்சு பாத்தாக. நல்லாவே பாத்தாக. பாத்துட்டுத்தான் தாயி செருப்ப மாட்டுனாக.